விளக்குப் பொறிக்கு 12 வோல்ட் மின்சாரம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் சாகுபடி செய்யப்படுகிறது. நெல்லைத் தாக்கும் தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப் புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளும், பச்சைத் தத்துப்பூச்சி, புகையான் ஆகியவையும் இரவில் வெளிச்சத்தை நாடி வரும் இயல்புடையவை. ஆகவே பூச்சி நடமாட்டத்தை முன்கூட்டியே அறிய விளக்குப் பொறி வைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. முன்பு இதற்கு அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பயன்பட்டன. இன்று 5 வாட் எல்.இ.டி. விளக்கே போதும். வயலில் அதற்கு மின்சாரம் எப்படிப் பெறுவது என்பதுதான் கேள்வி.

செய்யக் கூடாதது

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து 230 வோல்ட் மின்சாரத்தைச் சேற்று வயலுக்குக் கொண்டு போவது உயிருக்கே ஆபத்து. ஒயரில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும், ஈரக்காலுடன் நிற்பவரை அது விடாது.

டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரு கண்டன்சரை மட்டும் வைத்து வோல்ட்டைக் குறைக்கும் மலிவான சர்க்யூட்டுகளும் ஆகா. அவற்றின் இரண்டு ஒயர்களுக்கு இடையே 12 வோல்ட்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு ஒயருக்கும் பூமிக்கும் இடையே முழு 230 வோல்ட் இருக்கக் கூடும்.

கைவசம் உள்ள பாட்டரி

பாட்டரி தெளிப்பான் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான தெளிப்பான்களில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி உள்ளது. 5 வாட் விளக்கு ஏறக்குறைய 0.42 ஆம்பியர் எடுக்கும். மாலை 6.30 முதல் இரவு 10 மணி வரை எரித்தால் ஒன்றரை ஆம்பியர்-மணி செலவாகும். பாட்டரியில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அப்படிப் பார்த்தாலும் நல்ல பாட்டரி 2 இரவுகளுக்குத் தாங்கும். பழைய பாட்டரியானால் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும்.

பாட்டரியின் நேர்முனையை ஒட்டி 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். ஒயர்கள் உரசினால் பாட்டரியும் ஒயரும் சூடேறித் தீப்பற்றாமல் இது காக்கும். சார்ஜ் ஏற்ற, தெளிப்பானுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். 12 வோல்ட் பாட்டரி முழுதாக நிரம்ப 14 வோல்ட் அளவுக்குத் தேவைப்படுவதால், சாதாரண 12 வோல்ட் அடாப்டர் அதற்கு உதவாது. தெளிப்பானில் இருப்பது லித்தியம் பாட்டரியானால் வேறு சார்ஜரைத் தொடவே கூடாது.

வயலிலேயே சார்ஜ் ஏற்ற விரும்புவோர் 10 வாட் சூரியத் தகடும், 12 வோல்ட் சார்ஜ் கண்ட்ரோலரும் வாங்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் பாட்டரியை வீட்டில் சார்ஜ் செய்து கொள்ளலாம்.

பழைய அடாப்டர்

வீட்டை ஒட்டிய வயலானால், பழுதான செட்-டாப் பாக்ஸ் அல்லது இணைய மோடத்தின் அடாப்டரே விளக்குக்கு உதவும். அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். வெளியீடு 12 வோல்ட் டி.சி. என்றே இருக்க வேண்டும். ஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் தவறில்லை, குறைந்தால்தான் தவறு. செல்போன் சார்ஜர் 5 வோல்ட் தருவதால் இதற்குப் பொருந்தாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாத அடாப்டரைத் தவிர்க்கவும்.

கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களில் சில, சுமை இல்லாதபோது 15 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். மீட்டரில் அளந்த பிறகே விளக்கை இணைக்க வேண்டும்.

அடாப்டர் எப்போதும் வீட்டுக்குள் சுவரிலேயே இருக்க வேண்டும். வெளியே போவது 12 வோல்ட் ஒயர் மட்டுமே. தூரம் கூடக் கூட வோல்ட் குறையும் என்பதால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 30 மீட்டருக்கு மேல் நீட்டாமல் இருப்பது நலம்.

பொறி வைக்கும் முறை

விளக்கைப் பயிரின் உயரத்திற்குச் சற்று மேலே தொங்கவிட்டு, அதன் கீழ் சிறிது மண்ணெண்ணெய் அல்லது சோப்புக் கலந்த நீருடன் அகன்ற தட்டு வைக்க வேண்டும். மஞ்சள் ஒளியைவிட நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை அதிகம் கவரும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். எனவே 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும்.

காலையில் விழுந்த பூச்சிகளை எண்ணி எழுதி வர வேண்டும். எண்ணிக்கை ஏறும்போது மருந்துக் கடைக்கு ஓடாமல், முதலில் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். தண்டுத் துளைப்பானால் நடுக்குருத்துக் காய்வது 10 சதத்தையோ, கதிர்ப் பருவத்தில் வெண்கதிர் 2 சதத்தையோ எட்டினால் மட்டுமே மருந்து தேவை. தேவையற்ற ஒரு தெளிப்பு மிச்சமானாலே இந்தச் சிறு விளக்கின் செலவு திரும்பி வந்துவிடும்.