தாய்க்கோழியின் சீதனம்

பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், அடைகாத்து எழுந்த கோழி தன் குஞ்சுகள் புடைசூழக் குப்பைமேட்டைக் கிளறுவதை மாணவர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே குஞ்சுகள் பெறுவது இரை மட்டுமன்று. தாயின் எச்சம் கலந்த மண்ணைக் கொத்தும்போது, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் உட்செல்கின்றன. அவை குடலில் குடியேறிச் செரிமானத்துக்குத் துணைபுரிகின்றன. நோய்க் கிருமிகளையும் தடுக்கின்றன. தாய் தன் குஞ்சுகளுக்குத் தரும் சீதனம் இதுவே.

பண்ணைக் குஞ்சின் நிலை வேறு. அதுவும் 21 நாளில் முட்டையைவிட்டு வெளிவருகிறது. ஆனால் கருவியிலே பொரிந்தமையால் தாயின் முகம் அறியாது. அதன் குடல் ஆளில்லாத வீட்டை ஒத்தது. அவ்வீட்டில் முந்தி நுழைபவன் திருடனாகவும் இருக்கலாமன்றோ? சால்மோனெல்லா என்னும் கிருமி அத்தகைய திருடன். பின்லாந்து நாட்டு அறிஞர்களான நூர்மி, ரன்டாலா இருவரும், நலமான வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதிதாய்ப் பொரிந்த குஞ்சுகளுக்கு ஊட்டினர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அக்கிருமி காலூன்ற இயலவில்லை என்பதை 1973-இல் வெளியிட்டனர்.

அதற்கு முன்பே உலகம் வேறொரு வழியில் சென்றிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து, 1948-இல் ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து வெளிவந்தது. அதைத் தயாரித்தபின் எஞ்சிய பொருளைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. பின்னர், நோயற்ற கோழிக்கும் நாள்தோறும் மருந்து என்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. சிறு அளவு மருந்தை இடையறாது கண்ட கிருமிகளுள், அதைத் தாங்கிப் பிழைத்தவை பெருகின. அவை மனிதரைப் பற்றினால் மருத்துவர் கைவிரிக்க நேரிடும். ஆகவே, வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடைசெய்தது. மருத்துவர்கள் கடைசிப் புகலாகக் கொண்டுள்ள கோலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்கு பறவைகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்தது.

இவ்விடத்தில்தான் புரோபயாடிக் என்னும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. தயிரில் வாழும் லாக்டோபேசில்லஸ் இனம் அவற்றுள் ஒன்று. அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிக் குடலைப் புளிப்பாக்குகிறது. தீய கிருமிகளுக்கு அப்புளிப்பு ஒவ்வாது. குடற்சுவரில் இடத்தையும், கிடைக்கும் உணவையும் அது முந்திக் கைக்கொள்கிறது. குடல் நலமுற்றால் உண்ட தீவனம் உடலிற் சேரும், எடை கூடும். எனினும் தீவனத்தைக் குருணையாக்கும் வெப்பத்தில் அவ்வினம் பெரிதும் மடிந்துவிடும். விதைபோன்ற கெட்டி உறைக்குள் உறங்கும் பேசில்லஸ் இனம் அவ்வெப்பத்தைத் தாங்கவல்லது.

இது மந்திரமன்று. ஈரத்தரை, அழுக்கு நீர், நெரிசலான கொட்டகை ஆகிய குறைகளை எந்த நுண்ணுயிரும் ஈடுசெய்யாது. ஒருவகை தந்த பயனை மற்றொன்று தராமலும் போகலாம். நோயுற்ற கோழிக்கு மருந்து வேண்டும். அதைக் கால்நடை மருத்துவரே குறித்துத் தரவேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ நலமான குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கலப்பவர் இருந்தால், அதன் விளைவை அவருக்கு எடுத்துரையுங்கள். அம்மருந்து நாளை நம் வீட்டுக் குழந்தைக்கே தேவைப்படலாம்.