முதல் நடைக்கு எந்தப் பகுதி?

மலைநாட்டுக்குச் சுற்றுலா போகும்போது நாம் என்ன செய்கிறோம்? வேனில் ஏறுகிறோம். நுவரெலியாவில் இறங்கிப் படம் எடுக்கிறோம். கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். தேயிலை மலைகளை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி!

அந்த மலைகளுக்குள்ளேயே நடந்து பார்க்க இப்போது வழியுண்டு. பீக்கோ ட்ரெயில் என்னும் நெடுந்தூர நடைபாதை கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இப்பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டப் பாதைகளே இதில் பெரும்பகுதி. பெண்களும் பிள்ளைகளும் நடக்கக்கூடிய பகுதிகள் இதில் உண்டு. ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரியல்ல.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். நீரிழிவுள்ள என் லாத்தாவையும் அழைத்துக்கொண்டு, படத்தில் அழகாயிருந்தது என்பதற்காக ஹட்டன் பக்கத்தில் ஒரு நீண்ட பகுதிக்குப் போனோம். அது ஜூன் மாதம். நடக்கத் தொடங்கும்போதே மணி பத்து. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. லாத்தாவுக்குக் கை நடுங்கி, உடல் வியர்த்தது. கைப்பையிலிருந்த பேரீச்சம்பழமும், லயத்து வீட்டுத் தாயொருவர் ஓடிவந்து கொடுத்த சீனி போட்ட தேநீருமே அவரைத் தேற்றின. "உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன்" என்று வழி நெடுக அழுதார். பிழை அவருடைய காலில் இருக்கவில்லை. எங்கள் தெரிவில் இருந்தது.

எப்படித் தெரிவு செய்வது?

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஸ்கொட்லாந்து மலையேறுநர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலதிகமாக ஒரு மணி நேரம். புதியவர்கள் வரும் விடையை இரட்டிப்பாக்கிக் கொள்வது நல்லது. 12 கிலோமீற்றரும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் ஏறக்குறைய 7 மணி நேரம்! முதல் நடைக்கு 7, 8 கிலோமீற்றர் போதும்.

இரண்டாவது, இடைவழியில் முச்சக்கர வண்டி வரக்கூடிய பாதை உண்டா என்று பாருங்கள். முடியாதவர் திரும்பிவிடலாம் என்ற தைரியமே பாதி பலம்.

மூன்றாவது பருவம். ஹட்டன், கொட்டகலை பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஹப்புத்தளை, எல்ல பக்கமோ ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று உள்ளூரில் விசாரிக்காமல் புறப்பட வேண்டாம்.

எங்கே தொடங்கலாம்?

ஒத்திகைக்கு ஹப்புத்தளையிலுள்ள லிப்டன் சீட் ஏற்றது. மேலே வரை முச்சக்கர வண்டியில் போய், லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்ன தேயிலை ஆலைவரை சுமார் 7 கிலோமீற்றர் இறங்கி நடக்கலாம். அங்கிருந்து ஹப்புத்தளைக்கு பஸ் உண்டு. முழங்கால் வலியுள்ளவர்கள் ஒரு கம்பை ஊன்றி மெதுவாக இறங்கட்டும்.

அது இலேசாக இருந்தால், அடுத்ததாக ஹந்தானையிலிருந்து கலஹாவரை, சுமார் 13 கிலோமீற்றர் நீளமான முதற்பகுதிக்குப் போகலாம். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்ந்த, ஆளரவமற்ற பகுதிகளைப் பழகிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

காலை 7 மணிக்கே புறப்பட்டால் ளுஹருக்கு ஊருக்குள் வந்துவிடலாம். பிடிமானமுள்ள சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், மழைக்கவசம், அட்டைக்குச் சவர்க்காரம் ஆகியன அவசியம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள். இனிப்பைக் கையருகில் வைத்திருங்கள். லயங்களைக் கடக்கும்போது கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவை மனிதர்களின் வீட்டு முற்றங்கள்.

ஓகஸ்டில் லாத்தாவை லிப்டன் சீட்டுக்கு அழைத்துப் போனோம். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியும் மூன்று மணி நேரம்தான் ஆனது. ஆலை வாசலில் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டியவர் கேட்டார்:

"அடுத்த பயணம் எப்போது?"