விபத்தும் பொதுச் சுகாதாரமும்

ஓர் ஊரில் வாந்திபேதி பரவினால், அது மக்களின் கவனக்குறைவால் வந்தது என்று இன்று எவரும் சொல்லி நிறுத்திவிடுவதில்லை. குடிநீரைச் சோதிக்கிறோம், குழாயைத் தோண்டிப் பார்க்கிறோம். ஆனால், இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் சிக்கினால், “பார்த்து வேலை செய்யக் கூடாதா?” என்று கேட்கிறோம், அல்லது விதியென்று பெருமூச்செறிகிறோம். காயத்திற்கு மட்டும் இந்த வேறுபாடு ஏன்?

இதற்கு விடை காணச் சென்னை நகரின் குடிநீர் வரலாறே உதவும். 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் நீர் வடிகட்டும் நிலையம் அமைந்தது. நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடுதோறும் சொல்வதும் நல்லதே. ஆயினும், நகருக்கு வரும் நீரை ஓரிடத்திலேயே மணற்படுகையில் வடித்துவிட்டால், அறிவுரையைக் கேட்டவரையும் கேளாதவரையும் அது ஒருங்கே காக்கிறது. பொதுச் சுகாதாரத்தின் உயிர்நாடி இதுவே.

காயத்திற்கும் கிருமி போன்றதொரு காரணி உண்டா? உண்டு என்று விளக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன். 1966-இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் அவர். உடல் தாங்கக்கூடிய அளவை மீறிய ஆற்றல் உடலைத் தாக்குவதே காயம் என்பது அவர் கொள்கை. விழுகின்ற பளு, ஓடுகின்ற வண்டி, நெருப்பின் வெப்பம், அமிலத்தின் அரிப்பு ஆகிய இவையெல்லாம் ஆற்றலின் வடிவங்கள். ஆதலால், யார் தவறினார் என்று கேட்பதற்கு முன், அந்த ஆற்றலுக்கும் மனித உடலுக்கும் நடுவே தடுப்பாக என்ன நின்றது என்று கேட்க வேண்டும்.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸும், திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டும் வந்தன. தொழில் வளர்ந்த இத்தகைய இடங்களில் சிறு பட்டறைகளும் பெருகுவது இயல்பு. தகட்டை வெட்டி வடிவாக்கும் ‘பிரஸ்’ என்னும் இயந்திரத்தைப் பாருங்கள். தொழிலாளி தகட்டை உள்ளே வைக்கிறார், காலால் மிதிக்கிறார், அச்சு இறங்குகிறது, கையை நீட்டி உருப்படியை எடுக்கிறார். இதை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முறை செய்பவரிடம், ஒரு முறையேனும் கவனம் பிசகக் கூடாது என்பது மனித இயல்புக்கு மீறிய கட்டளை. மிதியை நீக்கி, இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்று அமைத்துவிட்டால், இயக்குபவரின் கை உள்ளே இருக்க வழியில்லை. ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவே விதித்தது. உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பேசும் இடங்களில், வேகத்திற்காக ஒரு பொத்தானைக் கம்பியால் கட்டிவிடுவதும் உண்டு. அப்போது தொழிலாளியைக் கடிந்துகொள்வது எளிது. கூலி முறையைத் திருத்துவதே மருந்து.

தடுப்புத் தவறியபின் உதவுவது சிகிச்சை. இத்தொழிற்பகுதியின் வாயிலில் நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனையில், 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். அதன் புகழ் நமக்குப் பெருமைதான். அத்தனை கைகள் சிதைந்து வந்தன என்பதை எண்ணுங்கால் பெருமை சற்றுக் குறைகிறது. நேயர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியிட்ட நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது.

சாலைக்கும் இதே கணக்குதான். சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப்பெட்டி முனையம் திறக்கப்பட்டது. பெட்டி சுமந்த கனரக லாரிகளும் மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்களும் ஒரே தரையைப் பகிர்ந்துகொள்கின்றனர். லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி வரும் சைக்கிள் ஓட்டுநருக்குத் தெரியாது. தனிப் பாதையும், லாரியின் பக்கவாட்டில் தடுப்புக் கம்பியும், காத்திருக்கும் ஓட்டுநர் களைப்பாற இடமும் வேண்டும். எச்சரிக்கைப் பலகை இவற்றுக்கு ஈடாகாது.

ஆபத்து ஆலைச் சுவரோடு நிற்பதுமில்லை. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாய்த் தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1984-இல் போபாலில் நேர்ந்த பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான ஆலைகள் தங்கள் அபாயத்தை அண்டையில் வாழ்வோருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவ்வறிவிப்பு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. எந்தச் சங்கொலிக்கு என்ன பொருள், காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்ப்பது எப்படி என்பன குப்பத்துச் சிறுவருக்கும் தெரிய வேண்டும். அம்மோனியா நீரில் எளிதாகக் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டத்திற்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும். இதற்கான ஒத்திகையை இரவிலும் நடத்த வேண்டும். நடக்கவியலாத முதியோரைத் தூக்குபவர் யார், வண்டி எந்த முனையில் நிற்கும் என்பதெல்லாம் அன்றே முடிவாகிவிடும்.