உமி கலந்த மண்... உருகிய எஃகையே தாங்கிய மூசை! தென்னாற்காட்டில் நடந்தது என்ன?

செஞ்சி, வல்லம் பக்கம் ரைஸ் மில்லுக்குப் போனால் உமிக் குவியல் கண்ணில் படாமல் இருக்காது. அடுப்பெரிக்கலாம், செங்கல் சூளைக்குப் போடலாம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால், ஐரோப்பிய விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு எஃகுக்குப் பின்னால் இருந்தது இதே உமிதான்.

செஞ்சியும் அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மேல்சிறுவலூர் என்று ஒரு ஊர். 1990-களில் தொல்உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் இங்கே உடைந்த மூசைத் துண்டுகளை அடையாளம் கண்டார். தங்கம் உருக்க நகைப் பட்டறையில் ஒரு சின்ன மண் குடுவை வைத்திருப்பார்களே, அதுதான் மூசை. இந்தத் துண்டுகளோ எஃகு தயாரித்த மூசைகளுடையவை. அந்த எஃகுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் 'வூட்ஸ்'. மைக்கேல் ஃபாரடேவே 1819-ல் லண்டனில் அதை ஆராய்ந்தார்.

எப்படிச் செய்தார்கள்?

இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சி, இலைகளைப் போட்டு, மூசையின் வாயை மண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். பிறகு கரி உலையில் வைத்து, துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவார்கள். சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். குச்சியில் உள்ள கார்பன் இரும்பில் ஏற ஏற, சுமார் 1,400 டிகிரியே போதும்.

சிக்கலே இங்கேதான். அந்தச் சூட்டில் சாதாரண மண்சட்டி குழைந்து வளைந்துவிடும். சட்டி போனால் உள்ளே இருக்கும் எஃகும் போச்சு!

உமி என்ன செய்தது?

தென்னிந்திய மூசைகளில் களிமண்ணோடு உமியைத் தாராளமாகக் கலந்தார்கள். உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமி கருகினாலும் சிலிக்கா எலும்புக்கூடு மாதிரி நின்று சுவரைத் தாங்கும். கருகிய கார்பன், இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து வீணாகாமல் பார்த்துக்கொள்ளும். களிமண்ணும் சும்மா இருக்காது. சூடேறும்போது அதற்குள் 'முல்லைட்' என்ற ஊசி போன்ற படிகங்கள் வளரும். இன்றைய உலைகளின் உட்சுவரில் பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கற்களிலும் இந்த முல்லைட் உண்டு. ரெண்டு மூணு பொருளைக் கலந்து ஒன்றை வலுவாக்கும் இந்த வித்தையைத்தான் இப்போது 'காம்போசிட்' என்கிறோம்.

1970-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் உமியை மறுபடி கையில் எடுத்தார்கள். காற்றுப் படாமல் கரியாக்கி, கடும் சூட்டுக்கு உட்படுத்தியபோது கிடைத்தது சிலிக்கான் கார்பைடு. சாணைக்கல் முதல் உலை பாகங்கள் வரை பயன்படும் பீங்கான் வகை அது. இதற்குத் தேவை சிலிக்காவும் கார்பனும். வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. உமிக்குள்ளேயே ரெண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.