தன்னியக்கக் கியர்ப்பெட்டி எவ்வாறு இயங்குகின்றது?



தன்னியக்கக் கியர்ப்பெட்டி பற்றிய வினாவுக்குப் பலர் “கியரைத் தானாகவே மாற்றும் பெட்டி” என ஒரே வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அது பிழையன்று, ஆனால் விளக்கமும் அன்று. “எவ்வாறு” என்று வினவப்பட்டால், எது எதனைச் சுழற்றுகின்றது, எது எதனைப் பிடித்து நிறுத்துகின்றது என்று நீங்கள் எழுத வேண்டும். இவ்விடயத்தைப் படிப்படியாக விளங்கிக்கொள்வோம். பரீட்சைக்கு மட்டுமன்றி, நாளை நீங்கள் காரோட்டும்போதும் இது உங்களுக்குப் பயன்படும்.

1. கியர் ஏன் தேவைப்படுகின்றது?

எஞ்சின் தண்டைச் சுழற்றும் திருப்பத்தை முறுக்கம் என்கிறோம். விஞ்ஞான பாடத்தில் “விசையின் திருப்பம்” எனக் கற்றதை இங்கே நினைவிற்கொள்க. நின்ற கார் புறப்படுவதற்கும் ஏற்றத்தில் ஏறுவதற்கும் சில்லுகளுக்குக் கூடிய முறுக்கம் வேண்டும். சமதரையில் விரைந்து செல்லும்போது முறுக்கம் குறைவாக இருந்தாலும் போதும். சுழற்சிக் கதியே கூடுதலாக வேண்டும்.

கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் சாரதி கியரைக் குறைப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர் கதியை விட்டுக்கொடுத்து முறுக்கத்தைப் பெறுகிறார். கியர் புதிதாக வலுவை உண்டாக்குவதில்லை. கதி பாதியானால் முறுக்கம் இரு மடங்காகும், அவ்வளவுதான். (உராய்வினால் ஏற்படும் இழப்பை இங்கு புறக்கணித்துள்ளோம்.)

சாதாரண காரில் சாரதி மூன்று வேலைகளைச் செய்கிறார். கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரிக்கிறார். நெம்பைத் தள்ளிப் பொருத்தமான கியரை இடுகிறார். எப்போது மாற்றுவது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். தன்னியக்கக் கியர்ப்பெட்டியில் இம்மூன்று வேலைகளையும் மூன்று பகுதிகள் பொறுப்பேற்கின்றன.

2. முதலாம் பகுதி: முறுக்கமாற்றி

கராஜ்களில் இதனை “ரோக் கொன்வேட்டர்” என்பார்கள். இரண்டு மேசை மின்விசிறிகளை முகத்துக்கு முகம் வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே எவ்விதத் தொடுகையும் இல்லை. முறுக்கமாற்றியில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் உள்ளது. இதன் பகுதிகள் மூன்று.

பம்பி: எஞ்சினுடன் பொருத்தப்பட்டுள்ளது. எண்ணெயை வெளிப்புறமாக வீசி எறியும்.
சுழலி: கியர்ப்பெட்டியின் தண்டுடன் இணைந்துள்ளது. எண்ணெய் மோதுவதால் சுழலும்.
நிலையி: இரண்டுக்கும் நடுவில் உள்ளது. சுழலியிலிருந்து திரும்பும் எண்ணெயின் திசையை மாற்றி, பம்பிக்கு உதவும் வகையில் செலுத்தும்.

கார் புறப்படும்போது நிலையியின் உதவியால் முறுக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். கார் சீரான கதியை அடைந்ததும் உள்ளே உள்ள ஒரு கிளச்சு பம்பியையும் சுழலியையும் நேரடியாகப் பூட்டிவிடும். அதனால் வழுக்கல் நீங்கி எரிபொருள் மீதமாகின்றது.

இந்த அமைப்புக்கு 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஜேர்மனியப் பொறியியலாளரான ஹேர்மன் ஃபொட்டிங்கர் ஆவார். அவர் அதனைக் கப்பல்களுக்காகவே உருவாக்கினார். காருக்கான முழுமையான தன்னியக்கக் கியர்ப்பெட்டியை முதன்முதலாகப் பெருந்தொகையில் உற்பத்தி செய்தது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஆகும். “ஹைட்ராமற்றிக்” என்னும் அக்கியர்ப்பெட்டி 1939 இல் அறிமுகமானது. அதில் நிலையி இருக்கவில்லை. எனவே அதன் எண்ணெய் இணைப்பு முறுக்கத்தைக் கடத்தியதேயன்றிப் பெருக்கவில்லை.

3. இரண்டாம் பகுதி: கோட்பற்சில்லுத் தொகுதி

நடுவில் ஒரு சூரியப் பற்சில்லு; அதைச் சுற்றி மூன்று அல்லது நான்கு கோட்பற்சில்லுகள்; வெளியே உட்பக்கம் பற்களைக் கொண்ட வளையப் பற்சில்லு. கோட்பற்சில்லுகளை ஒன்றாகத் தாங்கும் சட்டம் காவி எனப்படும். சூரியனைக் கோள்கள் சுற்றிவருவது போன்ற அமைப்பாதலால் இப்பெயர் வந்தது.

இங்கே பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். எதையும் விலக்கி வேறொன்றைப் பொருத்துவதில்லை. எந்தப் பகுதியைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே கியர் மாறுகின்றது. இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி.

உதாரணமாக, சூரியப் பற்சில்லில் 30 பற்களும் வளையத்தில் 60 பற்களும் உள்ளன எனக் கொள்வோம். உட்செலுத்தும் தண்டு நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழல்கின்றது. அதன் முறுக்கம் 100 நியூற்றன் மீற்றர்.

(அ) வளையத்தை நிறுத்தி, சூரியனைச் சுழற்றி, காவியிலிருந்து பெறுதல்: விகிதம் 1 + (60 ÷ 30) = 3. வெளியீடு 1000 சுற்றுகள்; முறுக்கம் 300.
(ஆ) சூரியனை நிறுத்தி, வளையத்தைச் சுழற்றி, காவியிலிருந்து பெறுதல்: விகிதம் 1 + (30 ÷ 60) = 1.5. வெளியீடு 2000 சுற்றுகள், முறுக்கம் 150.
(இ) இரண்டு பகுதிகளை ஒன்றாகப் பூட்டுதல்: முழுத் தொகுதியும் ஒரே துண்டாகச் சுழலும். விகிதம் 1. வெளியீடு 3000 சுற்றுகள், முறுக்கம் 100.
(ஈ) காவியை நிறுத்தி, சூரியனைச் சுழற்றி, வளையத்திலிருந்து பெறுதல்: விகிதம் 60 ÷ 30 = 2, ஆனால் சுழற்சி எதிர்த்திசையில். இதுவே பின்செல்லும் கியர்.
(உ) எதையும் நிறுத்தாது, பூட்டாது விடுதல்: வெளியீட்டுத் தண்டுக்கு வலு செல்லாது. இது நடுநிலை.

ஒவ்வொரு நிலையிலும் சுற்றையும் முறுக்கத்தையும் பெருக்கிப் பாருங்கள். எப்போதும் 3,00,000 தான் வரும். வலு மாறவில்லை என்பதற்கு இதுவே சான்று. நடைமுறையில் இத்தகைய தொகுதிகள் இரண்டோ அதற்கு மேலோ இணைக்கப்பட்டு 4, 6, 8 எனப் பல கியர்கள் பெறப்படுகின்றன.

4. மூன்றாம் பகுதி: எண்ணெய் அமுக்கக் கட்டுப்பாடு

பிடித்து நிறுத்துவதும் பூட்டுவதும் யார்? பட்டிப் பிரேக்குகளும் பல தட்டுகளைக் கொண்ட கிளச்சுகளும் ஆகும். இவற்றை அழுத்துவது எண்ணெயின் அமுக்கம். அந்த அமுக்கத்தை உண்டாக்கும் எண்ணெய்ப் பம்பியை எஞ்சினே சுழற்றுகின்றது. (இது முறுக்கமாற்றியில் உள்ள பம்பி அன்று, வேறானது. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

எந்தக் கிளச்சுக்கு எண்ணெயை அனுப்புவது என்பதை வால்வுகள் தீர்மானிக்கின்றன. பழைய கார்களில் வாகனத்தின் கதிக்கும் ஆர்முடுக்கியின் நிலைக்கும் ஏற்ப மாறும் அமுக்கங்களே வால்வுகளைத் தள்ளின. பிற்காலக் கார்களில் உணரிகள் அளிக்கும் தகவல்களைக் கணினி ஆராய்ந்து, மின்காந்த வால்வுகளைத் திறந்து மூடுகின்றது. சாரதி ஆர்முடுக்கியைத் திடீரென அழுத்தினால் கூடிய முறுக்கம் தேவை என உணர்ந்து கியரைக் குறைக்கும்.

5. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

எஞ்சின் இயங்கும்போது முறுக்கமாற்றியில் எண்ணெய் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே நெம்பு முன்செல்லும் நிலையில் இருக்க, பிரேக்கை விட்டவுடன் கார் மெல்ல நகரும். ஆர்முடுக்கியைத் தொடவே தேவையில்லை. எஞ்சினை நிறுத்தாமல், அந்நிலையிலேயே நெம்பை விட்டுவிட்டு இறங்குவது முன்னால் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். தரிப்பு நிலைக்கு மாற்றி, கைப்பிரேக்கையும் இட்ட பின்னரே இறங்க வேண்டும்.

பழுதடைந்த தன்னியக்கக் காரை, இயங்கு சில்லுகள் தரையில் உருளும்படி நெடுந்தூரம் கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் நின்றிருப்பதால் எண்ணெய்ப் பம்பி இயங்காது. உள்ளே பகுதிகள் மசகின்றிச் சுழன்று தேய்ந்துவிடும்.

மாதிரி வினா

பற்றரி இறங்கிய தன்னியக்கக் காரைத் தள்ளி ஸ்ராட் செய்ய முடியாதது ஏன்? (3 புள்ளிகள்)

விடை: எஞ்சின் இயங்காதபோது எண்ணெய்ப் பம்பி சுழலாது. (1) அதனால் அமுக்கம் இன்றிக் கிளச்சுகளும் பட்டிகளும் இறுகமாட்டா. (1) எனவே சில்லுகள் சுழன்றாலும் அச்சுழற்சி எஞ்சினைச் சென்றடையாது. (1)

மூன்று வரிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் கவனியுங்கள். காரணத்தை இவ்வாறு சங்கிலியாக எழுதப் பழகிக்கொண்டால், வினா எவ்விதம் மாறி வந்தாலும் உங்களால் விடை எழுத முடியும்.