பெரிய கடைக்கு வற்றல் விற்றால் லாபமா?

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கரிசல் நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மிளகாய் ஆகியவற்றை மானாவாரியாகப் பயிரிடும் சிறு விவசாயிகள், விளைபொருளைச் சாத்தூர், கோவில்பட்டி, விருதுநகர் மண்டிகளில் விற்று வருகிறார்கள். இப்போது பெரிய தொடர் அங்காடிகள் சிறு நகரங்களுக்கும் வருகின்றன. இவற்றால் இடைத்தரகு ஒழிந்து நல்ல விலை கிடைக்கும் என்பர் சிலர். மளிகைக் கடையும் மண்டியும் அழிந்து, விவசாயி ஒரே வியாபாரியிடம் சிக்குவார் என்பர் வேறு சிலர். இரண்டு கூற்றையும் விவசாயி தம் கணக்கைக் கொண்டே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதுவரை நடந்தது

1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, தள்ளுபடி விலைக் கடையாகப் பெயர் பெற்று, நாடெங்கும் சுமார் 1,600 கடைகளாக வளர்ந்தது. 2009-ல் பண நெருக்கடியால் கடைகள் மூடப்பட்டன. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி நின்றது.

2012 செப்டம்பரில், பல பொருள் விற்கும் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது. மாநில அரசின் இசைவு வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தமிழக அரசு இசையவில்லை. ஆனால் இந்த நிபந்தனை உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பொருந்தாது. எனவே பெரிய கடைகளின் வரவு நிற்கவில்லை.

விலையை மட்டும் பார்க்கலாகாது

மண்டியில் வற்றல் பெரும்பாலும் மொத்தக் குவியலாக விலை போகும். பெரிய கடைக்காகக் கொள்முதல் செய்பவர் நிறமும் அளவும் ஒத்த வற்றலை மட்டுமே பொறுக்கி எடுப்பார். மிச்சம் விவசாயியிடமே தங்கும்.

கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு விவசாயியிடம் 10 குவிண்டால் வற்றல் உள்ளது. மண்டியில் கிலோ 140 ரூபாய். தரகு 5 சதவீதம் போனால் கையில் நிற்பது 1,33,000 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் கிலோ 150 ரூபாய். ஆனால் அங்கு 7 குவிண்டால் மட்டுமே தேறுகிறது. அதற்கு 1,05,000 ரூபாய். கழித்த 3 குவிண்டாலைக் கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் 24,000 ரூபாய். ஆக 1,29,000 ரூபாய்தான். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல் விலை கிடைத்தும் 4,000 ரூபாய் நட்டம்.

அதே வற்றலில் 9 குவிண்டால் தேறினால் வரவு 1,43,000 ரூபாய். மண்டியைவிட 10,000 ரூபாய் அதிகம். ஆயினும் தரம் பிரிக்கும் கூலியை இதில் கழிக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் பலரும் வேலைக்குச் செல்லும் இப்பகுதியில் ஆள் கிடைப்பது அரிது என்பதை மறக்கக் கூடாது.

மேலும், கழித்த சரக்கை வாங்க உள்ளூர் வியாபாரி இருந்தால்தான் அந்த 80 ரூபாயும் கிடைக்கும். அவசரத்துக்கு முன்பணம் தருபவரும் பெரும்பாலும் மண்டிக்காரரே. அதே முன்பணம், அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டிய கட்டாயத்தையும் உண்டாக்குகிறது.

கவனிக்க வேண்டியவை

1. நன்கு பழுத்த பழங்களை மட்டும் பறித்து, சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ காய வைக்க வேண்டும். மண் தரையில் உலர்த்தக் கூடாது. இரவில் பனி படாமல் மூட வேண்டும்.

2. ஈரப்பதம் சுமார் 10 சதவீதமாகும் வரை காய வேண்டும். வற்றலை ஆட்டினால் விதை குலுங்கும். எடைக்காகத் தண்ணீர் தெளித்தால் பூஞ்சணம் பிடித்து, நச்சு உண்டாகிச் சரக்கே தள்ளுபடியாகும்.

3. வெளுத்தவை, உடைந்தவை, காம்பு கழன்றவை ஆகியவற்றை வீட்டிலேயே பிரித்து, எத்தனை சதவீதம் தேறுகிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

4. எடை, கழிவு, பணம் தரும் நாள் மூன்றையும் எழுத்தில் பெற வேண்டும். கடனாகச் சரக்கைத் தொடர்ந்து கொடுத்தல் ஆகாது. தமிழக அரசு 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. பயிரிடும் முன்பே விலை பேசுவோர் அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வது நல்லது.

5. விலை குறைந்த நாளில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். இதனால் முன்பணத்துக்காக ஒருவரையே நம்பும் நிலை குறையும்.

6. இரண்டு ஏக்கர்க்காரர் தனியாகச் சென்றால் பேரம் பேச இயலாது. உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஒரே தரத்தில் ஒரு லாரிச் சரக்கைத் திரட்டினால், வாங்குபவர் களத்துக்கே வருவார்.

பெரிய கடை வந்தாலும் மண்டியின் தொடர்பை விட்டுவிடக் கூடாது. மண்டி இருக்கிறதென்று பெரிய கடையை ஒதுக்கவும் வேண்டாம். வாங்குவோர் பலர் இருப்பதே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு. அடுத்த அறுவடைக்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்து, தரம் பிரித்து, கூட்டாக விற்றால் உழைப்புக்கேற்ற பலன் பெறலாம்.