பண்டிகைக்கு முன்னே முற்றத்தைப் பாருங்கள்



கார்த்திகை பிறந்துவிட்டால் உடன்குடி வட்டாரத்தில் பண்டிகைக் களை வந்துவிடும். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விடுவார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக நல்ல நாட்கள். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நம்மூர் ஆட்கள் பெட்டியும் பையுமாக வந்து இறங்குவார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிப்போம், புதுத்துணி எடுப்போம், பலகாரம் சுடுவோம். எல்லாம் சரி. ஆனால் முற்றத்தையும் புறவாசலையும் எப்போது பார்க்கப் போகிறோம்?

"அதுக்கென்ன, போகிக்கு முந்தின நாள் மொத்தமா ஒதுக்கிக்கிடலாம்" என்பது பல வீடுகளில் கேட்கும் பதில். இந்தப் பதிலில் ஒரு ஆபத்து இருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

சிரட்டைக்குள்ளே ஒரு பண்ணை

நம் பகுதிக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. திருச்செந்தூருக்கு வடக்கே உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு பெய்தால்தான் ஆபத்து என்று இல்லை. அரைமணி நேரத் தூறல் போதும், புறவாசலில் கிடக்கும் ஒரு சிரட்டை நிறைய.

கருப்பட்டிக்குப் பேர்போன ஊர் நம் ஊர். கருப்பட்டி ஊற்றும் சிரட்டைகள் பல வீடுகளில் குவியலாகக் கிடக்கும். பதநீர்க் காலம் முடிந்ததும் கலயங்களை வேலி ஓரமாக வைத்துவிடுவோம். கவிழ்த்து வைத்தவை கொஞ்சம், வாய் பார்த்துக் கிடப்பவை நிறைய. இதோடு பழைய ஆட்டுரல், உடைந்த குடம், சைக்கிள் டயர், பெயிண்ட் டப்பா, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் நிற்கும்.

"சுத்தமான மழைத் தண்ணிதானே, அது என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். இந்தத் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். கார்த்திகைத் தொடக்கத்தில் விட்ட சிரட்டையைப் போகிக்கு ஒதுக்கினால், அதற்குள் கொசு மூன்று நான்கு தலைமுறை கண்டுவிடும். இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். கொசுவலைக்குள் இரவில் படுப்பவரையும், பகலில் முற்றத்தில் விளையாடும் பிள்ளையையும் அது ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிள்ளையைத்தான் தேடி வரும்.

இன்னொரு செய்தி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதம் சாகாமல் இருந்து, அடுத்த மழையில் பொரியும். ஆகவே தொட்டி, டிரம், குடம் எதுவானாலும் வாரம் ஒரு நாள் கொட்டி, உட்பக்கம் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். குடிநீர்ப் பாத்திரத்தை மூடி வையுங்கள். வேண்டாத சிரட்டையை அடுப்புக்கு எடுங்கள். வேண்டிய சிரட்டையையும் கலயத்தையும் கூரைக்குக் கீழே கவிழ்த்து அடுக்குங்கள். தொட்டியில் மருந்து ஊற்ற வரும் பணியாளரை, "எங்க வீட்டுல எல்லாம் சுத்தந்தான்" என்று வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காலம் கடத்தக் கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் அதிகம் தேவை. "காய்ச்சல் இறங்கிருச்சு, நல்லாயிட்டான்" என்று நினைக்கும் அந்த ஓரிரு நாட்களில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகும். தாங்க முடியாத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் குறைப்பிரசவமும் ரத்தப்போக்கும் ஏற்பட இடமுண்டு. எனவே கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சிரட்டைக் குவியலைப் போகி வரை விட்டு வைப்பது சிறிய விஷயம் அல்ல.

ஓலைக் குவியலில் கை வைக்குமுன்

பனை ஓலை, மட்டை, விறகு, பழைய ஓடு, இவை மாதக்கணக்கில் கிடந்தால் தேளும் பாம்பும் குடியேறும். ஒதுக்கும்போது வெறுங்கையை உள்ளே விடக் கூடாது. முதலில் நீளக் கம்பால் தட்டுங்கள். காலில் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். விறகைச் சுவரோடு ஒட்டாமல், தரைக்கு மேலே கல் வைத்து அடுக்குங்கள்.

பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டுகிறவர்கள் பாத்தியைத் தோண்டியது தோண்டியபடி விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழியில் பிள்ளை விழும். தவுன் தின்று போட்ட கொட்டை ஓட்டில் தண்ணீர் நிற்கும். கிழங்கு எடுத்த அன்றே குழியை மூடி, ஓடுகளைப் பொறுக்கிவிடுங்கள்.

விருந்தாளி நிறைந்த வீட்டில் பாதிப் பேர் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது கடித்தால் வலியும் தெரியாது, தடமும் சரியாகத் தெரியாமல் போகலாம். கண் இமை சொருகுவது, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் என்று விடியற்காலையில்தான் தெரியவரும். முடிந்தால் கட்டிலில் படுங்கள். இல்லாவிட்டால் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108க்குப் போன் செய்யுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

வீட்டைச் சுற்றிய புதரையும் வெட்டுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரும். மழை முடிந்த குளிர் மாதங்களில் இது அதிகம். காய்ச்சலோடு இடுப்பு, கக்கம் போன்ற மறைவான இடத்தில் சிகரெட் சூடு பட்டதுபோல் கறுத்த புண் இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் காட்டுங்கள். நேரத்தில் மருந்து எடுத்தால் குணமாகும்.

கிணறும் கழிவுநீரும்

வீட்டில் நாலு பேருக்கு இறைத்த கிணற்றில் பண்டிகைக்குப் பத்துப் பேருக்கு இறைப்போம். மழைநீர் வழிந்து உள்ளே விழுந்த கிணறானால் முதலில் சுத்தம் செய்தே ஆகவேண்டும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் உள்ளே ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். அதற்குச் சுமார் 25 கிராம் பவுடர் வேண்டும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் போடக் கூடாது. மாலையில் போட்டு, காலையில் இறையுங்கள். காரநெடி போன பழைய பவுடரால் பயன் இல்லை. வெள்ளம் புகுந்த கிணறானால் அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் தெருவில் ஓடக் கூடாது. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, நீள அகல ஆழம் மூன்றரை அடியில் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் ஓடும் நிரப்பினால் அதுவே உறிஞ்சிக்குழி. நம் செம்மணல் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். இடம் இருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு வாழைக்கு விடுங்கள்.

விருந்துக்கு வீட்டுக் கீரை

ஒதுக்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள். நம் செம்மணலில் ஈரம் நிற்காது. மக்கிய சாணமும் இலைக்குப்பையும் கலந்து நாலடிக்கு எட்டடி பாத்தி கட்டுங்கள். தண்டுக்கீரை, சிறுகீரை விதையோடு மணல் கலந்து தூவுங்கள். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். கார்த்திகை நடுவில் விதைத்தால் கிறிஸ்துமஸ் விருந்துக்கும், பத்து நாள் விட்டு இன்னொரு பாத்தி போட்டால் பொங்கலுக்கும் கீரை உண்டு. ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் புறவாசலில் நின்றால் ஆண்டெல்லாம் துணை.

கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து குறையும். ஒன்றை மறக்காதீர்கள்: கீரையும் கருப்பட்டியும் நல்லவைதான், ஆனால் கர்ப்பிணிக்குச் செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு அவை ஈடு அல்ல. நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள், தினம் ஒன்று. "வீட்டுல ஆளு நெறைஞ்சு கிடந்துச்சு, மாத்திரை போட மறந்துட்டேன்" என்று சொல்லும்படி ஆகக் கூடாது. கணவர்தான் நினைவுபடுத்த வேண்டும்.

யார் செய்வது?

"முற்றம் பெருக்குறது பொம்பளை வேலைதானே?" மார்கழியில் விடியுமுன் எழுந்து சாணம் தெளித்துக் கோலம் போட்டு, பத்துப் பேருக்குச் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, அதற்கு மேல் ஆட்டுரலையும் புரட்டு என்றால் எந்த உடம்பு தாங்கும்? கனமானதைத் தூக்குவது, குழி வெட்டுவது, புதர் வெட்டுவது, கிணற்றுக்கு மருந்து போடுவது ஆண்களின் பங்கு. பாத்தி கட்டுவதும் பாத்திரம் கவிழ்ப்பதும் இருவரும் சேர்ந்து. சிரட்டை பொறுக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்; லீவில் அவர்களுக்கும் ஒரு வேலை. கர்ப்பிணியும் புதிதாகப் பிள்ளை பெற்றவரும் கனம் தூக்க வேண்டாம். சாணம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் கெடுதல். டயரைப் பழைய பொருள் கடைக்குப் போடுங்கள், காசு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று

வெளியூரிலிருந்து கணவர் லீவில் வரும் வீடுகள் இங்கே ஏராளம். முற்றத்தைத் தயார் செய்வதுபோல் இதையும் இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும், மூத்த பிள்ளையும் கவனிப்பு இழக்காது. ஆணுறை, வாய்வழி மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, காப்பர்-டி எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கணவர் வந்து இறங்கிய பிறகு யோசிப்பதைவிட, வருவதற்கு முன் செவிலியரைப் பார்ப்பது நல்லது.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்று மாலை இருவரும் சேர்ந்து புறவாசலை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் சிரட்டை எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணியதை எல்லாம் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். பண்டிகை அங்கேயே தொடங்கிவிட்டது.

கவிழ்த்த சிரட்டை காய்ச்சலைத் தடுக்கும்!
இருவர் கை சேர்ந்தால் இல்லம் செழிக்கும்!